தாழியும் பேழையும்

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து ஜோகுபாளையம் என்னும் பகுதி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம் அது. நம் மன்றத்து நண்பர் ஒருவரின் வீடும் அங்கேதான். சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய தந்தையார் காலமானார். செய்தி கேட்டு விடுதியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் சென்றோம். குறுகலான தெரு; வீட்டின் முன்னே பந்தல்; பந்தலின் கீழே நாற்காலிகள். கிறித்தவக் குடும்பம் ஆதலால் சவப்பெட்டிக்கு அளவு கேட்டு ஒருவர் வந்து நின்றார். நண்பரால் வாய் திறந்து பேச முடியவில்லை. உள்ளே அமர்ந்திருந்த அவருடைய அன்னையார் எழுந்து வாயிற்படிக்கு வந்தார்.

“கொஞ்சம் அகலமாவே செய்யுங்க அண்ணா. கையைக் காலை நீட்டித்தான் படுப்பாரு அவரு” என்றார்.

வந்தவர் தலையசைத்துவிட்டுப் போனார். அப்போது எங்களுள் ஒருவர் என் காதருகே குனிந்து, “பெட்டிக்குள் வைத்து மூடுவது தமிழர் வழக்கமா? வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது அன்றோ?” என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்று முழுதும் என்னை விட்டு அகலவில்லை. துயருற்ற ஒரு வீட்டின் வாயிலில் நின்றுகொண்டு, அந்த வீட்டார் செய்வது நம்முடையது அன்று என்று நினைக்க நமக்கு எப்படி மனம் வருகிறது? அந்த நினைப்பு உண்மைதானா என்றாவது பார்க்க வேண்டாவா? பார்த்தேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு தெருவில் மூன்று வழக்கம்

முதலில் பெயர்களைக் காண்போம். ஊரார் நாவில் வழங்கும் சொற்கள் வரலாற்றைச் சுமந்து நிற்பவை. மூங்கிலும் கீற்றும் கொண்டு கட்டுவது பாடை. அதனைச் சுடுகாடு வரை தூக்கிச் செல்வர். அத்துடன் அதன் வேலை முடிந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் சவப்பெட்டியையும் அதனைச் சுமக்கும் ஊர்தியையும் ‘தூம்பா’ என்பர். இது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய வெள்ளியன்று இயேசுவின் சடலச் சிலையை ஏந்திச் செல்லும் பவனிக்கும் அப்பெயர் உண்டு. தமிழ் முசுலிம்கள் ‘சந்தூக்கு’ என்பர். உடலைச் சந்தூக்கில் வைத்து அடக்கத்தலத்துக்குக் கொண்டுபோய், உடலை மட்டும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுச் சந்தூக்கைப் பள்ளிவாசலுக்குத் திருப்பிக் கொண்டுவருவர். இறந்தவர் செல்வராயினும் ஏழையாயினும் பெட்டி ஒன்றே. இதனினும் எளிய சமத்துவப் பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

இம்மூன்றையும் ஜோகுபாளையம் போன்ற ஒரு பகுதியில் ஒரே வாரத்தில் காணலாம். நம் காலத்துச் சொற்கள் இவை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. அதுவே தாழி.

மண்ணுக்குள் கிடந்த சான்று

இறந்தவரை மட்பாண்டத்தில் இட்டுப் புதைக்கும் வழக்கம் பண்டைத் தமிழகத்தில் பரவலாக இருந்தது. அந்தப் பாண்டங்களை முதுமக்கள் தாழி என்கிறோம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஜாகோர் என்பவர் அகழ்ந்து, கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அதன்பின் 1899 முதல் அலெக்சாந்தர் ரீ என்பவர் அங்கே பல ஆண்டுகள் விரிவாக அகழ்ந்தார். தாழிகளினுள்ளும் அருகிலும் இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் முதலியன கிடைத்தன. மீண்டும் 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அப்போது எடுத்த இரு மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில் கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலங்கள் கிடைத்தன. இம்முடிவு 2019இல் வெளியாயிற்று. 2023இல் தாழிகள் கிடந்த இடத்திலேயே ஒரு காட்சிக்கூடமும் திறக்கப்பட்டது.

அதே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவகளையில் ஒரு தாழியினுள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவித்தார்கள். சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் ஒருவர் இறக்கிறார். ‘வழியில் பசிக்குமே’ என்று நினைத்தார்களோ, ‘இது அவர் விளைத்த நெல்’ என்று நினைத்தார்களோ, ஒரு கை நெல்லை உடன் வைத்து மூடுகிறார்கள். எழுத்து இல்லை, கல்வெட்டு இல்லை. ஆனால் அந்த ஒரு கை நெல்லில் அன்பு இருக்கிறது.

“சரி, தாழி என்பது பானைதானே? பெட்டி ஆகாதே” என்பீர்கள். பெட்டியும் உண்டு. தொல்லியலார் அதனை ஈமப்பேழை என்பர். சுட்ட மண்ணால் ஆனது. தொட்டி போன்ற நீண்ட உடல். கீழே வரிசையாகக் குட்டைக் கால்கள். மேலே வளைந்த மூடி. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இத்தகைய பேழையை அலெக்சாந்தர் ரீ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டெடுத்தார். ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்தில் விலங்கின் வடிவில் செய்த பேழையும் கிடைத்துள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியில் அண்மையில் அகழ்ந்த ஈமப்பேழைப் புதைகுழி ஒன்றின் காலம் கி.மு. 1692 என்று 2025இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட நூல் கூறுகிறது. ஆகவே, பேழையில் வைத்து மூடும் வழக்கம் எந்தக் கப்பலிலும் ஏறி நம் நாட்டுக்கு வந்ததன்று. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் பேழை இருந்தது.

நாம் வாழும் கன்னட நாடும் இதற்கு விலக்கன்று. சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரியில் 1947இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, கற்பலகைகளை நிறுத்தி அறைபோல் அமைத்த புதைகுழிகளைக் கண்டார். ஒரு பலகையில் வட்டமாகத் துளையிட்டு வாயில் போல் விட்டிருந்தனர். தெற்கே தாழி, வடக்கே கல்லறை. பொருள் வேறாயினும் எண்ணம் ஒன்றே. இறந்தவருக்கும் ஒரு வீடு வேண்டும் என்பதே அவ்வெண்ணம்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் களைந்துவிட வேண்டும். ‘மிகுந்த முதுமை அடைந்து உடல் சுருங்கி, இறக்கவும் இயலாமல் இருந்தவர்களை உயிருடன் தாழிக்குள் வைத்து, விளக்கும் உணவும் கொடுத்து மூடிவிடுவார்கள்’ என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். முதுமக்கள் தாழி என்னும் பெயரிலிருந்து முளைத்த கதை இது. அகழ்வுகள் இதற்குச் சான்று தரவில்லை. பல தாழிகளில் முழு எலும்புக்கூடு கூட இல்லை. உடலை முதலில் வேறிடத்தில் இட்டு, பின்னர் எலும்புகளை மட்டும் திரட்டித் தாழியில் வைத்திருக்கின்றனர். குழந்தைகளின் எலும்புகளும் கிடைத்துள்ளன. தாழி கொலைக் கருவி அன்று, காப்புக் கலம். வயிறு பெருத்து வாய் குறுகிய அதன் வடிவம் தாயின் கருப்பையைக் குறிப்பது என்று அறிஞர் சிலர் கருதுவர். வந்த வழியே திரும்பிச் செல்லுதல் என்பது அதன் பொருளாகலாம்.

புலவர் கண்ட தாழி

மண்ணுக்குள் இருந்த தாழி நம் சங்கப் பாட்டுக்குள்ளும் இருக்கிறது. மணிமேகலையின் ‘சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை’ காவிரிப்பூம்பட்டினத்தின் சுடுகாட்டைக் காட்டுகிறது. அங்கே எரிப்போரும், வாளா இட்டுச் செல்வோரும், குழி தோண்டிப் புதைப்போரும், தாழ்ந்த அறையில் வைத்து அடைப்போரும், தாழியால் கவிப்போரும் ஒருங்கே வருகின்றனர். ஒரே நகரம், ஒரே காடு, ஐந்து வழக்கம். ஒருவர் வழக்கத்தைப் பார்த்து மற்றவர் ‘இது நம்முடையது அன்று’ என்று சொன்னதாகச் சாத்தனார் பாடவில்லை.

பதிற்றுப்பத்தின் 44ஆம் பாட்டில் பரணர், வன்னி மரம் நிற்கும் இடுகாட்டில் தாழிகளுக்குள் மறைந்துபோன மன்னர்களை நினைவூட்டுகிறார். செங்குட்டுவனைப் பாடும் பாட்டில் இது வருகிறது. வெற்றி பெற்ற வேந்தனின் முன்னே நின்று, மன்னரையும் மறைத்துக்கொண்ட தாழியைச் சுட்டிக்காட்டும் துணிவு பரணருக்கு இருந்தது. நற்றிணையின் 271ஆம் பாட்டிலோ ஒரு தாய் பேசுகிறாள். மகள் காதலனுடன் சென்றுவிட்டாள். துயரம் தாங்காத தாய், தன்னைக் கொண்டுபோகாமல் விட்டுவைத்த கூற்றுவனைச் சினந்து, அவனே ஒரு பெருந்தாழியால் மூடப்பட்டு ஒழியட்டும் என்கிறாள். எல்லாரையும் தாழிக்கு அனுப்புகிறவனைத் தாழிக்குள் அனுப்பும் வசவு! தாழி என்பது அன்று வீட்டுப் பேச்சில் புழங்கிய சொல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இவற்றுள் உச்சியில் நிற்பவை புறநானூற்றின் இரு பாடல்கள். இரண்டும் ஒரு குயவரை நோக்கிப் பேசுகின்றன. இரண்டும் அவரைக் ‘கோ’ என்று விளிக்கின்றன. வேந்தனுக்கும் அதே ஓசையுள்ள சொல் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

228ஆம் பாட்டு, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. சூளையிலிருந்து புகை எழ, குயவர் தம் தொழிலில் இருக்கிறார். புலவர் அவரிடம் சென்று இரங்குகிறார். ‘இவ்வளவு பெரிய புகழ் உடைய வேந்தனைக் கவிக்கத் தாழி வனைய வேண்டுமானால், நிலவுலகைச் சக்கரமாகவும் மேருமலையை மண்ணாகவும் கொள்ள வேண்டுமே, உன்னால் இயலுமா?’ என்பது பாட்டின் கருத்து. நாடாண்ட வேந்தன் இறுதியில் குயவரின் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறான். குயவரோ என்ன செய்வதென்று அறியாது நிற்கிறார். அளக்க முடியாத ஒன்றுக்கு அளவு கேட்பதே இப்பாட்டின் அவலம்.

256ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. கணவனுடன் சுரம் பல கடந்து வந்த ஒருத்தி, வழியில் அவனை இழந்துவிடுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு, அது சென்ற இடமெல்லாம் சென்ற சிறு பல்லியைப் போலத் தான் அவனுடன் வந்ததாகச் சொல்கிறாள். பிறகு குயவரிடம் அவள் கேட்பது ஒன்றே. ‘தாழியைச் சற்று அகலமாக வனைவாயாக, எனக்கும் அதில் இடம் வேண்டும்’ என்கிறாள்.

இப்பாட்டை இதற்கு முன் பாடநூலில் படித்திருக்கிறேன். துறை முதுபாலை என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் ஜோகுபாளையத்து வாயிற்படியில் நின்று ஓர் அன்னை, பெட்டி அகலமாக இருக்கட்டும் என்று சொன்னதைக் கேட்ட பிறகே பாட்டு எனக்கு விளங்கிற்று. அவர் புறநானூறு படித்தவர் அல்லர். படித்திருக்க வேண்டியதும் இல்லை. கணவனுக்காக ஈமக்கலம் செய்பவரிடம் ஒரு பெண் கடைசியாகக் கேட்கக்கூடியது அந்த ஒன்றே. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் மண் மரமாயிற்று, குயவர் தச்சரானார், சொல் மாறவில்லை.

பிற நாட்டார் கண்ட பேழை

அளவு என்னும் இக்கருத்து உலக இலக்கியத்திலும் வருவதைக் காண்க. எகிப்தியரின் ஒசிரிஸ் கதையைக் கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார். ஒசிரிஸின் உடலளவைப் பகைவன் மறைவாக அளந்துகொண்டு, அதற்கேற்ப அழகிய பேழை ஒன்று செய்கிறான். விருந்தில் அதனைக் கொணர்ந்து, யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கே பரிசு என்கிறான். ஒசிரிஸ் படுத்தவுடன் மூடி ஆற்றில் எறிந்துவிடுகிறார்கள். இங்கே அளவு வஞ்சகத்தின் கருவி.

அதே எகிப்தில் 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த தூத்தன்காமன் கல்லறையில், ஒன்றனுள் ஒன்றாக மூன்று பேழைகள் இருந்தன. உள்ளே இருந்தது முழுதும் பொன். எடை ஏறக்குறைய 110 கிலோ. அவ்வளவு பொன்னுக்கு நடுவே காய்ந்துபோன ஒரு சிறு மலர்மாலையும் கிடந்தது. பொன்னைவிட அந்த மாலையே கார்ட்டரின் உள்ளத்தைத் தொட்டது.

மேடைப் பேச்சாளர் பலர் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மாவீரன் அலெக்சாந்தர் தன் வெறுங்கையைச் சவப்பெட்டிக்கு வெளியே தொங்கவிடச் சொன்னானாம். நல்ல கதைதான். ஆனால் அவன் வரலாற்றை எழுதிய பழைய ஆசிரியர்களிடம் இக்கதை இல்லை. அவர்கள் கூறுவது வேறு. அவன் உடலைப் பொற்பேழையில் வைத்ததாக டயோடோரஸ் எழுதுகிறார். பிற்காலத்து எகிப்திய மன்னன் ஒருவன் அந்தப் பொன்னை எடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பேழைக்கு மாற்றிவிட்டதாக ஸ்டிராபோ எழுதுகிறார். வெறுங்கைக் கதை கற்பிக்க விரும்பிய பாடத்தை உண்மை வரலாறு இன்னும் அழுத்தமாகக் கற்பிக்கிறது அன்றோ?

உருசிய எழுத்தாளர் செகாவ் 1894இல் ‘ராத்சைல்டின் பிடில்’ என்றொரு சிறுகதை எழுதினார். அதன் தலைவன் யாக்கோவ் சவப்பெட்டி செய்பவன். எதைப் பார்த்தாலும் நட்டக்கணக்கே போடுபவன். மனைவி நோயுற்றுக் கிடக்கையில், உயிர் இருக்கும்போதே இரும்புக் கோலால் அவளை அளந்து பெட்டி செய்யத் தொடங்கி, செலவையும் ஏட்டில் எழுதிக்கொள்கிறான். அவள் போன பிறகே, உடன் வாழ்ந்த அத்தனை ஆண்டுகளில் அவளிடம் ஓர் அன்புச் சொல் கூடச் சொல்லவில்லையே என்று நெஞ்சு உருகுகிறான். புறநானூற்றுப் பெண் அகலம் கேட்டாள். யாக்கோவ் நீளம் அளந்தான். அன்பு இருந்த இடத்து அளவும், அன்பு மறந்த இடத்து அளவும் எத்துணை வேறுபடுகின்றன!

அமெரிக்க எழுத்தாளர் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலில் பேழை வேறொரு வேலை செய்கிறது. குவீக்குவெக் என்னும் மாலுமி நோயுற்றுத் தனக்கொரு சவப்பெட்டி செய்யச் சொல்கிறான்; பின் பிழைத்துக்கொள்கிறான். அப்பெட்டியை மிதவையாக மாற்றுகிறார்கள். கப்பல் மூழ்கும்போது அதைப் பற்றிக்கொண்டே கதை சொல்பவன் உயிர் தப்புகிறான். சாவுக்குச் செய்தது வாழ்வைத் தாங்கிற்று.

நம் காலத்துப் பேழை

அண்மைக் காலத் தமிழக வரலாற்றிலும் பேழைக்கு இடமுண்டு. பெரியார் 1973இல் மறைந்தபோது சென்னையில் பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டார். அண்ணா 1969இலும், எம்.ஜி.ஆர். 1987இலும், செயலலிதா 2016இலும், கலைஞர் 2018இலும் மறைந்தபோது மெரினாவில் அடக்கம் நடந்தது. செயலலிதாவின் பேழை சந்தனத்தால் ஆனது. அதில் அவர் பெயர் பொறித்திருந்தது. கலைஞரோ, ஓயாது உழைத்தவர் இங்கே ஓய்வு கொள்கிறார் என்னும் கருத்தமைந்த தொடரைத் தம் பேழைக்கெனப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார், அதையே பொறித்தார்கள். அவருக்கு மெரினாவில் இடம் வேண்டி உயர்நீதிமன்றத்தில் இரவோடிரவாக வழக்கு நடந்தது. ஆறடி மண்ணும் ஒரு பெட்டியும் எவ்வளவு பெரிய பொருளைத் தாங்க முடியும் என்பதற்கு அந்த இரவே சான்று. எரித்தால் சாம்பல் ஆற்றில் கரையும். புதைத்தால் ஓரிடம் நிற்கும். அந்த இடத்துக்கு மக்கள் வந்துகொண்டே இருப்பர்.

புகழ் பெற்றவர்க்கே இது உரியதன்று. கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த தாழிகளிலிருந்த இரு மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை உருவாக்கி 2025இல் வெளியிட்டனர். பெயர் தெரியாத இருவர். ஆனால் முகம் தெரிந்துவிட்டது. அவர்களைத் தாழியில் வைத்தவர்கள் காத்த பொருள் வீண்போகவில்லை.

விடை

நண்பரின் கேள்விக்கு வருவோம். பேழையில் வைத்து மூடுவது தமிழர் வழக்கமா? ஆம். எரிப்பதும் தமிழர் வழக்கமா? ஆம். மண்ணில் நேரே இடுவது? அதுவும்தான். ஒரு வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அயல் என்று தள்ளுவோமானால், நாம் தள்ளுவது அண்டை வீட்டாரை மட்டுமன்று. ஆதிச்சநல்லூரையும், கீழ்நமண்டியையும், பெயர் தெரியாத அந்தப் புறநானூற்றுப் புலவரையும் சேர்த்தே தள்ளுகிறோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் புலவர்கள் தாழி செய்தவரை நேரே விளித்துப் பேசினார்கள். இன்று பெட்டி செய்பவரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் கடை வழியே செல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். குழி வெட்டுபவரைத் தொடவும் தயங்குகிறோம். நம் இறுதி வேலையைச் செய்யப்போகும் கைகள் அவை. கோவே என்று விளிக்காவிட்டாலும், ஐயா என்றாவது அழைக்கக் கற்றுக்கொள்வோம்.

அன்று மாலை நான்கு மணிக்குப் பெட்டி வந்தது. கேட்டபடியே அகலமாகச் செய்திருந்தார். தெருவிலிருந்து பெரிய சாலை வரை ஊர்தி வர இடமில்லை. தோளில்தான் சுமந்து செல்ல வேண்டும். ஆள் போதவில்லை. என் காதருகே கேள்வி கேட்ட நண்பர்தாம் முதலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்.